ஜியென் முச்சுவானின் ஊதா

ஏழாம் நாள் வழிபாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் மேலே ஏறிப் போய்விட்டார்கள். டோஃபு வண்டிக்காரர் மட்டும் சந்தில், ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்துக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஆப்பிள் பை. வெள்ளைச் சட்டை புதிது, மடிப்புக் கோடுகள்கூட இன்னும் போகவில்லை.

"அந்த ஆளு இன்னும் நிக்கிறானா?" என்று அம்மா உள்ளே இருந்து கேட்டாள்.

பெய்ரொங் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நிக்கிறாரு."

"நிக்கட்டும். கால் கடுத்தா தானா போவான்."

பெய்ரொங்கின் அப்பா ஜியென் முச்சுவான் முந்தின வாரம் இறந்துபோனார். வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்தவர், பொழுது சாயும் நேரத்தில், சொந்த வீட்டுச் சந்துக்குள் திரும்பும்போது எதிரே வந்த டோஃபு வண்டியின் முன்னால் போய் விழுந்தார். ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை. வண்டியில் காமிரா இல்லை. சந்து முனையில் இருந்த காமிரா தெருவிளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது வண்டிக்காரர் ஷி ஜின்ஃபாவின் வாய்ச்சொல் ஒன்றுதான். "நான் லைட்டு போட்டுட்டுதான் வந்தேன். அவரு என்னை நேரா பாத்தாரு. பாத்துட்டேதான் திரும்பினாரு."

அம்மாவால் பொறுக்க முடியாதது அதுதான். "பாத்தவரு ஏன் திரும்பணும்? அவரு என்ன கண்ணு தெரியாதவரா? அச்சு மை இத்தனூண்டு கூடினாலும் கண்டுபிடிக்கிற கண்ணு அது. இந்த ஜோங்ஹெ முழுக்கக் கேட்டுப் பாரு." வட்டார அலுவலகத்தில் சமரசக் கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அங்கே அந்த ஆள் 'நான்தான் கவனிக்கவில்லை' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை இந்த வீட்டில் அவன் கை ஊதுபத்தியைத் தொடக்கூடாது. அம்மா அப்படித்தான் சொன்னாள்.

அப்பாவின் கண்ணைப் பற்றி ஜோங்ஹெயின் அச்சகச் சந்துகளில் யாரைக் கேட்டாலும் அம்மா சொன்னதைத்தான் சொல்வார்கள். கீலுங் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன் அவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, உருளை கழுவும் வேலைக்கு வந்து, ராணுவத்துக்குப் போய்த் திரும்பி, மிஷின்மேன் ஆனார். அம்மா அதே அச்சகத்தில் பெட்டி மடிக்கும் பகுதியில் இருந்தாள். ஒருநாள் அவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது முகம் சிவந்து கெடக்குது, யாரு மேல கோவம்?" என்று கேட்டாளாம். அவர் அதைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினாராம். கல்யாணம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது என்று இருவரும் சொல்வார்கள். முகம் சிவந்தது பெட்டியா அவரா என்பதில் மட்டும் கடைசிவரை உடன்பாடு இல்லை.

மிஷினுக்கு வந்த நாளிலிருந்து வெற்றிலைபாக்கு போடமாட்டார். சாம்பல் நிறச் சட்டை தவிர வேறு போடமாட்டார், சட்டையின் நிறம் தாளில் விழுமாம். மற்றவர்கள் அவரை 'வருஷம் முழுக்கத் துக்கம் கொண்டாடுறவர்' என்று கிண்டல் செய்வார்கள். பெய்ரொங் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டரைப் புத்தாண்டு விருந்தன்று போட்டுக்கொண்டு, சாப்பிட்டு முடித்ததும் கழற்றி மடித்து வைத்தார்.

அவளும் அதே தொழிலின் இன்னொரு முனைக்குத்தான் படித்தாள். அச்சகம் அச்சகமாகப் போய், மிஷின் போடும் நிறத்தைக் கருவியால் அளந்து திருத்துவது அவள் வேலை. அப்பா வேலை செய்த ச்சியூ முதலாளியின் அச்சகமும் அவள் கையில் இருந்தது. முதலாளி ஏழு நிற மிஷின் வாங்கியபோது அப்பா முகம் சுளிக்கவில்லை. "நாலு கறிச் சாப்பாடு ஏழு கறி ஆயிருக்கு, பசிக்குதான்னு கேக்கணுமா?" என்றார். வழக்கமான நான்கு மைகளோடு ஆரஞ்சு, பச்சை, ஊதா. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி மை குழைத்து, ஒவ்வொரு தடவையும் தொட்டி கழுவ வேண்டாம். இந்த ஏழிலேயே எல்லா நிறமும் கட்டிக்கொள்ளலாம்.

கட்டிக்கொள்ளலாம், அளவு சரியாக இருந்தால். ஒவ்வொரு மைக்கும் ஒரு வளைகோடு உண்டு. பிளேட்டில், அதாவது அச்சுத் தகட்டில், எவ்வளவு புள்ளி வைத்தால் தாளில் எவ்வளவு விழும் என்று சொல்லும் கோடு. பெய்ரொங் மாதம் ஒருமுறை வந்து அதை நேராக்குவாள். முறைப்படி செய்தால் மிஷினை நிறுத்தி, மையைக் கருவி சொல்லும் அளவுக்கு வைத்து, சோதனைத் தாள் தனியாக ஓட்ட வேண்டும். ஆனால் கல்யாண மாதங்களில் முதலாளி மிஷினை நிறுத்தவிடமாட்டார். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் தாளில், வால் ஓரத்தில் ஒரு நிறப்பட்டை சேர்த்து, வெட்டி விழும் அந்த ஓரத்தை எடுத்து அளந்துவிடுவாள். எல்லா அச்சகத்திலும் அப்படித்தான் செய்தார்கள்.

இப்போது அந்த மிஷினில்தான் கோளாறு.

வழிபாடு முடிந்த இரண்டாம் நாள் முதலாளி போனில் கூப்பிட்டார். துக்கம் விசாரித்தார், அம்மாவின் முழங்காலை விசாரித்தார், பிறகு தொண்டையைக் கனைத்தார். "கேக் கடைப் பெட்டி வெளுத்து வருதும்மா. செம்பருத்திப் பூ—"

"பியோனி."

"அதுதான். அந்த ஊதா. உங்கப்பா போன பிறகு நிக்கவே மாட்டேங்குது. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

அவள் போனாள். சட்டையின் இடது கையில் துக்க அடையாளமாகச் சணல் துணித்துண்டு குத்தியிருந்தது. மிஷின் அறை வாசலில் அப்பாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த ஆகுவெய் நின்றார். அவளுக்குக் குழந்தையிலிருந்தே குவெய் சித்தப்பா. அவர் உள்ளே வழிவிடவில்லை. அவர் பின்னால் கல்யாண கேக் பெட்டிகளின் சிவப்புத் தாள் அடுக்கடுக்காக இருந்தது.

"சித்தப்பா, என்ன, டிக்கெட் வாங்கணுமா?"

"அதில்ல பெய்ரொங்." அவர் சணல் துண்டைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "உள்ளே ஓடுறது கல்யாணப் பெட்டி. துக்கக்காரங்க கை பட்டா, அந்தப் பொண்ணுங்களுக்கு..."

"எடுத்துப் பையில வச்சுக்கிறேன்."

"துண்டை எடுக்கலாம். துக்கத்தை எங்கே எடுத்து வைப்பே?"

முதலாளி பின்னாலிருந்து வந்து, தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றார், ஆனால் கேக் கடைக்காரரின் மாமியாருக்கு உண்டு என்றார். பெய்ரொங் வாதாடவில்லை. அப்பாவாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

அப்படித்தான் முதல்முறையாக அந்த மிஷின் அவளுக்காக நின்றது. சிவப்புத் தாள்களை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். எந்தப் பெட்டியும் இல்லாத வெறும் வெள்ளை அட்டை ஏற்றினார்கள். வால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வராமல், நிறக்கட்டங்கள் மட்டுமே கொண்ட சோதனைத் தாள். ஏழு மைகளையும் கண்ணால் பார்க்காமல் கருவி சொன்ன அளவுக்கு வைக்கச் சொன்னாள்.

ஓடியது. உலரவிட்டாள். அளந்தாள்.

ஆறு நிறங்கள் கோட்டின் மேல் உட்கார்ந்தன. ஊதா மட்டும் கீழே கிடந்தது. கொஞ்சமாக இல்லை. கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். அதே எண்.

"மிஷினுக்கும் துக்கம்னு பசங்க சொல்றாங்க," என்றார் ஆகுவெய்.

"ஊதாவுக்கு மட்டுமா?"

மிஷின் சரியாக இருந்தது. மை சரியாக இருந்தது. அப்படியானால் தப்பு அவள் போட்ட வளைகோட்டில். மடிக்கணினியில் பழைய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றரை வருடமாக ஊதாவை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் வால் ஓரத்தில் ஊதா கூடுதலாக இருந்தது, அவள் குறைத்தாள். மையின் சரக்கு மாறியிருக்கும் என்று ஒருமுறை நினைத்தாள். அறையின் சூடு என்று ஒருமுறை. அடுத்த மாதம் அது மறுபடி ஏறியிருக்கும்.

"சித்தப்பா, அப்பா ஊதாத் தொட்டியை ஏத்துவாரா?"

ஆகுவெய் துணியால் கையைத் துடைத்தார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையை.

"ஏத்துவாரு. பழைய பெட்டியைப் பக்கத்துல வச்சுப் பாப்பாரு. பத்தலைன்னு ஏத்துவாரு. எனக்கு நீலம் தூக்கலாத்தான் தெரிஞ்சுது."

"சொல்லலையா?"

"உங்கப்பாகிட்டயா? நிறத்தைப் பத்தியா?" அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "என் கண்ணுக்குத்தான் வயசாயிருச்சுன்னு நினைச்சுட்டேன். போய்க் கண்ணாடி மாத்திட்டு வந்தேன், தெரியுமா? காசு தண்டம்."

அவள் அப்பா கடைசியாக ஓட்டிய தாளைக் கேட்டாள். சிவப்பாக இருந்தால் தரவேண்டாம், பூ இருக்கும் மூலையை மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்றாள். பழைய பெட்டி அப்பாவின் விளக்கு மேசையிலேயே இருந்தது. சாம்பல் பூசிய தடுப்புகளுக்கு நடுவே, பகல் வெளிச்ச விளக்கின் கீழ், இரண்டு பூக்களையும் ஒட்டி வைத்தாள். பழைய பூ தனி மையில் அச்சடித்தது. அப்பாவின் பூ புது ஊதாவும் கொஞ்சம் மஜெண்டாச் சிவப்பும் சேர்த்துக் கட்டியது. பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அப்பாவின் பூ நீலம் பாய்ந்து, அடிபட்ட தோல் மாதிரி இருந்தது. இதை எப்படி அவர் ஒன்று என்று சொன்னார்?

படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரே மையில் அடித்த இரண்டு பூக்களை யார் கண்ணில் பார்த்தாலும் ஒன்றுதான். வெவ்வேறு மையில் கட்டிய பூக்கள் அப்படி இல்லை. அவை ஒன்றாகத் தெரிவது பார்க்கிற கண்ணுக்குள் இருக்கும் வில்லையைப் பொறுத்தது. அந்த வில்லை பழுத்து மஞ்சளித்தால், நீலத்தின் ஓரம் உள்ளே வராது. வராததை ஈடுகட்ட மனிதன் ஊதாவை ஏற்றுவான்.

பிளேட் அறையின் ஜன்னலில் வெயில் படாமல் மஞ்சள் படலம் ஒட்டியிருப்பார்கள். மிச்சச் சுருள் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. ஒரு துண்டு கிழித்துக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பூக்களும் நெருங்கி வந்தன. இரண்டாக மடித்து வைத்தாள்.

ஒன்றாகிவிட்டன. வெட்டிய ஓரம்கூடத் தெரியவில்லை. இரண்டும் ஒரே பூ.

அவள் படலத்தை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். ஆகுவெய் கையை நீட்டி அதை வாங்கி, தானும் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆக, அவரு தப்பா அடிக்கலை," என்றார்.

"இல்லை. அவரு பாத்ததை அடிச்சாரு."

பிறகு அவளுக்கு ஒவ்வொன்றாக வந்தது. காலையில் காலுறையைத் தூக்கிப் பிடித்து, "இது கறுப்பா நீலமா?" என்று அப்பா கேட்டது. "நீங்களே எங்கிட்ட கேட்டா எப்படி?" என்று அவள் சிரித்தது. எதிரே வண்டி வெளிச்சம் போட்டால் அவர் முகத்தைச் சுருக்கியது. கம்பெனியின் கண் பரிசோதனையில் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு வந்தது. பகலில், நல்ல வெளிச்சத்தில், அவரால் படிக்க முடியும். மாலையில் முகத்துக்கு நேராக விளக்கடித்தால் எல்லாம் ஒரே பால்வெள்ளையாகக் கலங்கும்.

ஊதாவின் வளைகோட்டைப் புதிதாகப் போட்டாள். பழையதன் மேல் எழுதவா என்று கணினி கேட்டது. எழுது என்றாள். அடுத்து ஓட்டிய வெள்ளை அட்டையில் பியோனி பழைய பெட்டியைப் போலவே வந்தது. தார்ப்பாயை எடுப்பதற்குள் வெளியேறிவிடும்படி முதலாளி ஜாடை காட்டினார். அவள் வெளியேறினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் சந்து முனையில் நின்றாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. படலத்தை இரண்டாக மடித்து இரு கண்ணிலும் வைத்துக்கொண்டாள். ஒரு வண்டி விளக்கோடு வந்தது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தது, அவ்வளவுதான். மஞ்சள் படலம் நிறத்தைத்தான் வடிகட்டும், கலக்கத்தைக் காட்டாது. படலத்தின் மேல் வாயால் ஊதி ஆவி படிய வைத்தாள். அடுத்த வண்டி வந்தபோது வெளிச்சம் பூத்து விரிந்தது. வண்டி காணாமல் போனது, பக்கத்தில் வரும் வரை.

"ஏய், போனைப் பாத்துட்டு நிக்கிற மாதிரி நிக்காதே, செத்துப்போவே," என்று ஒரு ஸ்கூட்டர்க்காரி கத்திக்கொண்டு போனாள்.

அம்மா மேசையில் காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்தாள், தகனம் நடக்கும் நாளில் அப்பாவோடு சேர்த்து எரிப்பதற்கு. பெட்டி மடித்த கை. மற்றவர்கள் ஒன்று மடிப்பதற்குள் மூன்று மடித்துவிடுவாள். பெய்ரொங் பழைய பூவையும் அப்பாவின் பூவையும் மஞ்சள் படலத்தையும் அவள் முன்னால் வைத்தாள்.

"ரெண்டா மடிச்சுக் கண்ணுல வச்சுப் பாரும்மா."

"எதுக்கு?"

"அப்பா கண்ணு. புரை வளர்ந்திருக்கு. ஒன்றரை வருஷமா. அந்த வண்டிக்காரர்—"

"வைக்க வேண்டாம்." அம்மா இதழை நகத்தால் அழுத்திவிட்டாள். "சாக்ஸை ஜோடி சேத்து எடுத்து வச்சது யாருன்னு நினைக்கிறே?"

பெய்ரொங் உட்கார்ந்தாள்.

"ஒருநாள் ஒண்ணு நீலம், ஒண்ணு கறுப்புப் போட்டுட்டு வந்து நின்னாரு. ஆஸ்பத்திரிக்கு வான்னேன். கல்யாண சீசன் முடியட்டும்னாரு. கண்ணுல கத்தி வச்சுட்டாங்கன்னு தெரிஞ்சா, அப்புறம் யாரு என் நிறத்தை நம்புவான்னாரு. உங்கிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னாரு. உங்கிட்ட மட்டும்."

"தெரிஞ்சே அந்த மனுஷனைக் கீழே நிக்க வச்சே."

"ஆமா."

"ஏம்மா?"

"அவன் பொய் சொல்றவனா இருக்கிற வரைக்கும்தான் எனக்குத் தூக்கம் வருது." அம்மா தாமரையைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். "நான்தானே ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்தேன், தினமும்."

பெய்ரொங் தன் பங்கைச் சொல்ல நினைத்தாள். அவர் ஏற்றினார், நான் இறக்கினேன், வெளியே ஒன்றும் தெரியாதபடி இரண்டு பேருமாகச் சரிக்கட்டிக்கொண்டிருந்தோம், நான் ஒரு மாதம் குறைக்காமல் விட்டிருந்தால் கேக் கடைக்காரர் கத்தியிருப்பார், கத்தியிருந்தால் கண் டாக்டரிடம் போயிருப்பார். இதை எந்தச் சொல்லில் சொல்வது? அம்மாவுக்கு வளைகோடு தெரியாது.

"நானும் பாத்திருக்கணும்," என்றாள்.

"நீ அங்கே எங்கே இருந்தே? மாசத்துக்கு ஒருநாள் வருவே."

அந்த ஆறுதலை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். கோணலாக வந்தது. அம்மா அதைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அடுத்த ஏழாம் நாள் வழிபாட்டுக்கும் ஷி ஜின்ஃபா அதே இடத்தில் வந்து நின்றார். அதே சட்டை, இப்போது துவைத்தது. பெய்ரொங் கீழே இறங்கிப் போனாள். அவளைக் கண்டதும் அவர் பையை நீட்டினார்.

"மேலே வரலைம்மா. இதை மட்டும் வாங்கிக்க. அப்பாவுக்கு."

"அப்பா உங்களைப் பாக்கலை," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"கண்ணுல புரை. உங்க லைட்டு அடிச்சதும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. முகம் உங்க பக்கம் இருந்திருக்கும். நீங்க பொய் சொல்லலை."

ஷி ஜின்ஃபா பையைக் கீழே வைத்தார். பிறகு தானும் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "நிஜமாவா," என்றார். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. எல்லாரும் கேக்கக் கேக்க, ஒருவேளை நான்தான் தூங்கிட்டேனோன்னு. விடியறதுக்கு முன்னாடி டோஃபு ஏத்த எழுந்திருக்கிறவன். என் பொண்டாட்டியே கேட்டா, நிஜமா முழிச்சிருந்தியான்னு."

மேலே ஜன்னல் திறந்தது.

"செருப்பைக் கீழேயே விட்டுட்டு வரச் சொல்லு," என்றாள் அம்மா. "படியெல்லாம் இப்பத்தான் துடைச்சேன்."

அவர் ஏறி வந்தார். வாசலில் தயங்கினார். அம்மா தானே ஊதுபத்தியைக் கொளுத்தி, சுடரைக் கையால் விசிறி அணைத்து, அவரிடம் நீட்டினாள். அவர் படத்துக்கு முன்னால் மூன்றுமுறை குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமானது.

"அவரு கடைசியில எப்படிப் பாத்தாரு?" என்று அம்மா கேட்டாள். "போலீஸ்ல சொன்ன மாதிரி வேண்டாம். பாத்தபடி சொல்லுங்க."

"தெரிஞ்சவங்களைப் பாத்த மாதிரி, அண்ணி. லேசா தலையாட்டினாரு. நான் வழி விடுறாருன்னு நினைச்சு..."

"தலையாட்டலை." அம்மா மேசையில் சிந்திய சாம்பலை விரலால் கூட்டினாள். "வெளிச்சம் அடிச்சா அப்படித்தான் தலையைத் தாழ்த்துவாரு. ஒன்றரை வருஷமா பாக்கிறேன்."

பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள்.

"சமரசக் கூட்டத்துல நான்தான் பேசுவேன்," என்று அம்மா பெய்ரொங்கைப் பார்த்துச் சொன்னாள். "உன் பூத் துண்டையும் மஞ்சப் படலத்தையும் அங்கே கொண்டு வராதே. அவங்களுக்குப் புரியாது. சாக்ஸ் விஷயத்தை நானே சொல்லிக்கிறேன்."

வண்டிக்காரருக்குச் சாக்ஸ் விஷயம் என்ன என்று தெரியாது. இருந்தாலும் தலையாட்டினார். ஊதுபத்தியைப் படத்துக்கு முன்னால் இருந்த சாம்பல் கிண்ணத்தில் நட இடம் தேடிக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அம்மா நடுவில் இருந்த இரண்டு குச்சிகளை ஒதுக்கி அவருக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள்.